கிட்டப் போனால் மட்டும் மேக்ரோ ஆகிவிடாது: பூச்சிப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு

எங்கள் பகுதிப் பையன்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு நாலு பேராவது ஒரு செம்பருத்திப் பூவைப் பக்கத்தில் போய் எடுத்து, கீழே "மேக்ரோ" என்று போட்டு அனுப்புகிறார்கள். பூவின் நடுவில் ஏதோ கறுப்பாக இருக்கும். எறும்பா தூசியா என்று கேட்டால் கோபம் வரும். உடனே ஒருவர் "கமரா சரியில்லை தம்பி, மூன்று லட்சத்துக்கு லென்ஸ் வாங்கினால்தான் இதெல்லாம் வரும்" என்பார், இன்னொருவர் "இல்லை அண்ணே, சூம் பண்ணினால் போதும்" என்பார், அதோடு பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். இரண்டு பேர் சொல்வதும் தவறு.

நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். எட்டு வருஷமாகப் பூச்சிப் படம் எடுக்கிறேன், அதில் முதல் இரண்டு வருஷத்துப் படம் எல்லாமே கலங்கல். ஏன் கலங்குகிறது என்று அப்போது சொல்லித்தர ஆள் இல்லை. இதில் கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மெழுகுவர்த்தியும் சுவர் நிழலும்

கரண்ட் போன இரவில் மெழுகுவர்த்திக்கு முன்னால் கையை நீட்டிச் சுவரில் மான் காட்டி விளையாடியிருப்பீர்கள். கை சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் நிழல் கையளவுதான், ஆனால் விளிம்பு சுத்தமாக இருக்கும். கையைச் சுடருக்குக் கிட்டக் கொண்டுபோகப் போக மான் யானையாகும். கூடவே மூன்று விஷயங்கள் நடக்கும்: விளிம்பு கலங்கும், நிழல் வெளிறும், விரலை ஒரு நூலளவு அசைத்தாலும் சுவரில் மொத்த மிருகமும் துள்ளும்.

லென்ஸுக்குள் நடப்பது நிழல் இல்லை, வேறு சமாசாரம்தான். ஆனால் பெரிதாக்கினால் எதையெல்லாம் இழக்க வேண்டிவரும் என்பது ஏறக்குறைய இதே பட்டியல்: கூர்மை, வெளிச்சம், நிதானம். மேக்ரோவில் நீங்கள் கேள்விப்படும் ஃபிளாஷ், டிஃபியூசர், ஸ்டாக்கிங் எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்றை ஈடுகட்டத்தான்.

சூம் வேறு, கிராப் வேறு

எதிர்மலையில் கொழுந்தெடுப்பவர்களை பைனாகுலரில் பார்ப்பது சூம். தூரத்துப் பொருள் பக்கத்தில் வருகிறது. ஆனால் இப்படித் தூரத்தை இழுக்கும் நீண்ட சூம் லென்ஸ்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் இடைவெளியாவது வேண்டும். அதைவிடக் கிட்டப் போனால் ஃபோகஸ் ஆகாது.

எடுத்த படத்தில் ஒரு மூலையை வெட்டி இழுப்பது கிராப். ரொட்டி மாவை இழுத்துப் பெரிதாக்குகிற மாதிரி. ரொட்டி அகலமாகும், மாவு கூடாது. எறும்பின் கால் முடி படத்தில் பதியவே இல்லையென்றால் எவ்வளவு இழுத்தாலும் அது வராது.

மேக்ரோ என்பது கமராவுக்குள் படம் விழும்போதே பெரிதாக விழுவது. அது விழுகிற சின்னச் சில்லுக்குப் பெயர் சென்சர், பழைய கமராவில் ஃபிலிம் இருந்த இடம். 10 மி.மீ. நீளத் தேனீயின் உருவம் சென்சரிலும் 10 மி.மீ. நீளத்துக்கு விழுந்தால் அதை 1:1 என்கிறோம். 5 மி.மீ. விழுந்தால் 1:2, 20 மி.மீ. விழுந்தால் 2:1. இந்த விகிதத்துக்குப் பெயர் உருப்பெருக்கம். வழக்கமாக 1:1-ஐத் தொட்டால்தான் மேக்ரோ என்பார்கள், அதற்குக் கீழே இருப்பது நெருக்கப் படம். செம்பருத்திப் பூ முழுவதும் படத்துக்குள் வந்திருந்தால் அது நெருக்கப் படம்தான். அழகாக இருக்கலாம், யாரும் குறை சொல்லவில்லை, பெயர் மட்டும் வேறு.

ஓர் அடிமட்டம் போதும்

உங்கள் கமரா எவ்வளவு பெருக்குகிறது என்று அறிய யாரையும் கேட்க வேண்டாம். பிள்ளையின் பென்சில் பெட்டியிலிருந்து அடிமட்டத்தை எடுத்து மேசையில் வையுங்கள். லென்ஸை ஃபோகஸ் ஆகும் மிகக் கிட்டிய தூரத்துக்குத் திருப்பி, அடிமட்டம் தெளியும்வரை முன்னே பின்னே நகர்ந்து ஒரு படம் எடுங்கள். இடமிருந்து வலம் எத்தனை மி.மீ. விழுந்திருக்கிறது என்று எண்ணி, சென்சரின் அகலத்தை அதால் வகுக்க வேண்டும். விலை கூடிய கமராக்களில் இருக்கும் ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சரின் அகலம் 36 மி.மீ. நம்மில் பலரிடம் இருக்கும் ஏபிஎஸ்-சி வகைச் சென்சருக்குக் கெனனில் 22 சொச்சம், நிக்கோனிலும் சோனியிலும் ஏறத்தாழ 23.5.

கமராவோடு வரும் 18-55 லென்ஸில் இதைச் செய்தால் அடிமட்டத்தில் 60 மி.மீ.க்குச் சற்று மேல் விழும். அதாவது உருப்பெருக்கம் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூட. தேனீ அந்தப் படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். இடைமட்டத் தோட்டங்களில் தேயிலைக் கிளையைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு வண்டு இருக்கிறதே, ஷாட் ஹோல் போரர் என்பார்கள், அதன் நீளமே சுமார் இரண்டரை மி.மீ.தான். 1:1-இல் எடுத்தாலும் அது படத்தின் அகலத்தில் பத்தில் ஒன்று. அதன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் 4:1, 5:1 என்று போகவேண்டும், அது தொடக்கக்காரர் வேலை இல்லை. தேனீ, ஈ, தும்பி, புழு என்று ஆரம்பியுங்கள்.

போன்காரர்களுக்கு

மேலே சொன்ன 1:1 கணக்கைப் போனுக்கு அப்படியே போடக்கூடாது. போனின் சென்சர் மிகச் சிறியது, அதில் தேனீ 10 மி.மீ. நீளத்துக்கு விழுந்தால் பல போன்களில் அது சட்டத்துக்குள்ளேயே அடங்காது. அதனால் போனில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடிமட்டத்தில் எத்தனை மி.மீ. விழுகிறது? 30 மி.மீ.க்குள் வந்தால் நல்ல போன், அதை வைத்தே பழகலாம். சென்சர் சிறியது என்பதால் ஒரே அளவு இடத்தை எடுக்கும்போது பெரிய கமராவைவிடப் போனில் முன்னும் பின்னும் கூடுதலாகத் தெளியும். இது பலருக்குத் தெரியாத ஒரு வசதி.

தொல்லை வேறிடத்தில். பல போன்களில் மேக்ரோ என்று போட்டவுடன் அகலக் கோண லென்ஸுக்கு மாறும், அது பூச்சிக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கிட்டப் போகச் சொல்லும், போனின் நிழலே பூச்சிமேல் விழும், பூச்சி பறந்துவிடும். அப்புறம் மலிவுப் போன்களில் 2 மெகாபிக்சலில் தனியாக ஒரு "மேக்ரோ கமரா" வைத்திருப்பார்கள். அது பெட்டியில் "நாலு கமரா" என்று அச்சடிக்க உதவும்.

இதுவரை: மேக்ரோ என்பது சென்சரில் உருவம் எவ்வளவு பெரிதாக விழுகிறது என்பது. அடிமட்டத்தை வைத்து அளக்கலாம். போன் என்றால் எத்தனை மி.மீ. விழுகிறது என்று மட்டும் பாருங்கள்.

கிட்டப் போகும் வழிகள்

மேக்ரோ லென்ஸ் இருந்தால் சரி, நேராக 1:1 வரை போகும். இல்லையென்றால் மூன்று குறுக்கு வழிகள்.

ஒன்று, குழாய். லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் மாட்டும் வெற்று வளையம், உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை. லென்ஸைச் சென்சரிலிருந்து தள்ளி வைப்பதுதான் அதன் வேலை. 50 மி.மீ. லென்ஸுக்கு (லென்ஸ்மேல் எழுதியிருக்கும் குவியத்தூரம் அது) 25 மி.மீ. குழாய் போட்டால் உருப்பெருக்கம் 0.5 கூடும், 25-ஐ 50-ஆல் வகுத்தால் வருவது. வாங்கும்போது உள்ளே மின்தொடுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய முதல் குழாயில் அவை இல்லை. லென்ஸின் துளையைக் கமரா கட்டுப்படுத்த முடியாமல் போய், எல்லாப் படமும் முழுத்துளையில் விழுந்து, ஈயின் மூக்கு மட்டும் தெளிந்து மிச்சமெல்லாம் பஞ்சானது. திருப்பி அனுப்பக் கேட்டேன், பதிலே வரவில்லை.

இரண்டு, லென்ஸைத் திருப்பி மாட்டுவது. சாதாரண லென்ஸ் பெரிய உலகத்தைச் சின்னச் சென்சருக்குள் அடக்குவதற்காகச் செய்தது. அதையே தலைகீழாக மாட்டினால் சின்னது பெரிதாக விழும். அதற்கான வளையம் விலை மிகக் குறைவு. ஆனால் பூச்சிக்கு நாலைந்து சென்ரிமீற்றர் வரை போகவேண்டிவரும். லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை வேலைத்தூரம் என்பார்கள். இது குறைந்தால் பூச்சி பயப்படும், வெளிச்சம் உள்ளே நுழைய இடம் இருக்காது.

மூன்று, முன்னால் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி. தாத்தா பேப்பர் படிக்கும் கண்ணாடி மாதிரித்தான், கொஞ்சம் தரமாகச் செய்தது. ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்று ஒன்று பல வருஷமாகப் பேர்பெற்றது. 200 மி.மீ.க்கு நீட்டிய சூம் லென்ஸின் முன்னால் அதை மாட்டினால் 1.6 மடங்கு கிடைக்கும், வேலைத்தூரமும் 12 சென்ரிமீற்றர் அளவு இருக்கும். கல்யாண வீட்டுப் படத்துக்கு வாங்கிய மலிவு சூம் லென்ஸ் வீட்டில் தூங்கினால் நான் சொல்லுவது இதைத்தான்.

ஏ.டி.எம். கார்ட் தடிப்பில் ஒரு கண்ணாடித் தகடு

இனித்தான் நிஜமான விஷயம். பூச்சிப் படம் கலங்குவதற்கு முதல் காரணம் கை நடுக்கம் என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது இல்லை.

கமராவுக்கு முன்னால், அதற்கு நேரெதிராக, ஒரு கண்ணாடித் தகடு காற்றில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பூச்சியின் உடம்பில் எந்தப் பகுதி அந்தத் தகட்டுக்குள் இருக்கிறதோ அது மட்டும் தெளியும். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கலங்கும். இந்தத் தகட்டின் தடிப்புக்குப் பெயர் கூர்மை ஆழம். மலையையோ மனிதரையோ எடுக்கும்போது அது பல மீற்றர் தடிப்பாக இருக்கும், அதனால் நாம் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. 1:1-இல், எஃப் 8 துளையில் (இந்த எண் என்ன என்று கீழே சொல்கிறேன்), அது ஒரு மி.மீ. கூட வராது, கையில் இருக்கும் ஏ.டி.எம். கார்ட்டின் தடிப்பளவு. 2:1-க்குப் போனால் அதிலும் பாதிக்குக் குறைவு.

ஏன் இப்படி? பூச்சியின் முகத்தில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது, லென்ஸின் வாய்க்குள் விழும் பகுதி ஒரு கூம்பு. பூச்சி தூரத்தில் இருந்தால் கூம்பு ஊசி மாதிரி ஒடுங்கியிருக்கும். கிட்ட வந்தால் அதே லென்ஸ் வாய்க்கு அது புனல் மாதிரி விரியும். லென்ஸ் இந்தக் கூம்பை மறுபக்கம் திரும்ப ஒரு முனைக்குக் கொண்டுவருகிறது. முனை சரியாகச் சென்சரில் விழுந்தால் புள்ளி புள்ளியாகவே இருக்கும். கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால் புள்ளிக்குப் பதில் ஒரு வட்டம். ஊசிக் கூம்பு என்றால் அந்த வட்டம் சின்னது, கண்ணுக்குப் படாது. புனல் என்றால் ஒரு நூல் தவறினாலும் வட்டம் பெரிது, அதைத்தான் நாம் கலங்கல் என்கிறோம்.

கூம்பை ஒடுக்க ஒரு வழி உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். கண்ணாடி போடாமல் பஸ் தரிப்பில் நிற்கும்போது வருவது கண்டி பஸ்ஸா நுவரெலியா பஸ்ஸா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? கண்ணை இடுக்கிக்கொண்டுதானே. லென்ஸுக்குள்ளும் அப்படி இடுக்கும் ஒரு துளை இருக்கிறது, அபெர்ச்சர் என்பது அதுதான். எஃப் 4, எஃப் 8, எஃப் 16 என்று எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்.

சரி, அப்படியானால் எஃப் 32-க்குப் போய் இடுக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் போனேன். ஒளி ஓர் அலை. குளத்து அலை ஒரு குறுகிய இடுக்கு வழியாக நுழைந்தால் மறுபக்கம் நேராகப் போகாமல் விசிறியாக விரியும். ஒளியும் மிகச் சிறிய துளையில் அப்படியே விரிந்து, படம் முழுவதும் ஒரு மெல்லிய திரை போட்டது போல மழுங்கும். இதற்கு டிஃப்ராக்ஷன் என்று பெயர். மேக்ரோவில் இது இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் 1:1-இல் எஃப் 8 என்று போட்டால் நடைமுறையில் அது எஃப் 16 மாதிரி வேலை செய்கிறது, எஃப் 16 போட்டால் எஃப் 32 மாதிரி. அதனால் 1:1-இல் எஃப் 8-க்கும் 11-க்கும் இடையில் நின்றுவிடுவது நல்லது.

வேறொரு தந்திரம் இருக்கிறது, காசே வேண்டாம். தகட்டைத் தடிப்பாக்க முடியாவிட்டால் பூச்சியைத் தகட்டுக்குள் படுக்க வைக்கலாம், அதாவது நீங்கள் நகர்ந்து அதன் பக்கவாட்டுக்கு வரலாம். இறக்கையை மடித்து உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சியைப் பக்கத்திலிருந்து நேராக எடுத்தால் தலை முதல் இறக்கை நுனிவரை ஒரே தகட்டுக்குள் வந்துவிடும். முன்னாலிருந்து எடுத்தால் கண் மட்டும். கண் மட்டும் தெளிந்தாலும் பரவாயில்லை, பார்ப்பவர் முதலில் கண்ணைத்தான் தேடுவார். கால் தெளிந்து கண் கலங்கினால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.

இதுவரை: கிட்டப் போகப் போகத் தெளியும் தகடு மெலியும். துளையைச் சிறிதாக்கினால் கொஞ்சம் தடிக்கும், ஓர் எல்லைக்கு மேல் படம் மழுங்கும். மிச்சத்தைக் கோணத்தால் சரிசெய்ய வேண்டும்.

வெளிச்சமும் நடுக்கமும்

டார்ச் ஒன்றைச் சுவரில் அடித்துவிட்டு இரண்டு மடங்கு தூரம் பின்னால் போங்கள். வட்டம் நாலு மடங்கு இடத்தைப் பிடிக்கும், வெளிச்சம் கால்வாசியாகும். 1:1-இல் லென்ஸ் சென்சரிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் நிற்பதாகக் கொண்டால் இதே கணக்குத்தான்: நாலில் மூன்று பங்கு வெளிச்சம் போய்விட்டது. அதற்கு மேல் நாமே துளையை வேறு இடுக்கியிருக்கிறோம்.

நடுக்கம் இரண்டு வகை. பக்கவாட்டில் கை 1 மி.மீ. அசைந்தால் 1:1-இல் சென்சரிலும் உருவம் 1 மி.மீ. நகரும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.004 மி.மீ., ஆகவே இருநூற்றைம்பது பிக்சல் தள்ளிப்போகிறது. முன்பின் ஆட்டம் இன்னும் மோசம். நின்றபடி மூச்சு விடும்போது உடம்பு ஒரு மி.மீ.க்கு மேல் ஆடும், நம் தகடோ ஒரு மி.மீ. கூட இல்லை. ஆட்டோஃபோகஸ் இந்த இடத்தில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். லென்ஸை ஓர் உருப்பெருக்கத்தில் நிறுத்தி, உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்து, கண் தெளியும் கணத்தில் அழுத்த வேண்டும். பத்துக்கு இரண்டு வரும். எனக்கு இப்போதும் பத்துக்கு மூன்றுதான்.

ஸ்டாண்ட் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். வைக்கலாம், காற்றே இல்லாத இடத்தில். நம் மலையில் இலை எப்போதுமே ஆடிக்கொண்டிருக்கும், ஸ்டாண்டின் மூன்று காலைத் தேயிலைத் தூருக்கு நடுவில் பரப்பி முடிப்பதற்குள் பூச்சி தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்குப் போயிருக்கும்.

ஃபிளாஷும் யோகட் கப்பும்

இரண்டு கோளாறுக்கும் ஒரே மருந்து ஃபிளாஷ். பலர் இதை வெறும் வெளிச்சம் என்று நினைக்கிறார்கள், அதைவிடப் பெரிய வேலை அது அசைவை நிறுத்துவது. குறைந்த சக்தியில் அடிக்கும்போது ஃபிளாஷின் மின்னல் ஒரு செக்கனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே நிற்கும். சுற்றியிருக்கும் இயற்கை வெளிச்சம் படத்தில் சேராத அளவு குறைவாக வைத்துக்கொண்டால் அந்த மின்னல் நேரம்தான் உங்கள் படத்தின் நேரம். கையும் இலையும் அதற்குள் எவ்வளவு ஆடிவிடப் போகிறது? தொடக்கத்துக்கு மேனுவலில் ஷட்டர் 1/200 செக்கன், எஃப் 8 அல்லது 11, ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டும் என்ற எண்) 200 என்று வைத்து ஃபிளாஷின் சக்தியை மட்டும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

வெறும் ஃபிளாஷை அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளையாக ஒரு பொத்தல் விழும், கீழே கரி நிழல். காரணம் விளக்கின் அளவு. நல்ல வெயிலில் நம் நிழல் வெட்டியதுபோல விழும், மஞ்சு மூடிய நாளில் நிழலே இருக்காது, ஏனென்றால் அப்போது வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுகிறது. பூச்சியின் கண்ணோட்டத்தில் உங்கள் ஃபிளாஷும் அப்படி வானம் மாதிரிப் பெரிதாக வேண்டும். அதற்காக நடுவில் வைக்கும் வெள்ளைத் திரைதான் டிஃபியூசர். அது பூச்சிக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு பெரிது, அவ்வளவு மென்மை. கடையில் விற்கிறது, தேவையில்லை. நான் ஆரம்பித்தது அடியை வெட்டிய யோகட் கப்பும் அதன் வாயில் ஒட்டிய வெள்ளைப் பேப்பரும். இப்போது மெல்லிய ரெஜிபோம் (பெட்டிகளுக்குள் பொதிய வரும் வெள்ளை நுரைப் பொருள்) தாளை வளைத்து லென்ஸுக்கு மேலே குடை மாதிரிக் கட்டிக்கொள்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், தோட்டத்து நாய்கள் குரைக்கும், படம் நன்றாக வரும்.

பூச்சிக்குக் குளிர வேண்டும்

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் கொழும்புக்காரர்களுக்கு இல்லாத ஒரு வரம் இருக்கிறது. பூச்சி தன் உடம்புச் சூட்டை நம்மைப் போல எப்போதும் ஒரே அளவில் வைத்திருப்பதில்லை, சுற்றியிருக்கும் குளிரோடு அதுவும் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் தசை வேலை செய்யாது, பறக்க முடியாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம், ஆயிரம் மீற்றருக்கு ஆறு ஆறரைப் பாகை குறையும் என்ற கணக்கில் கொழும்பைவிடப் பன்னிரண்டு பாகை அளவு குளிர். தை மாசி மாதங்களில் புல்லில் உறைபனியே விழும். அந்தக் காலை நேரத்தில், வெயில் எதிர்மலையைத் தாண்டி வருவதற்கு முன், புல் நுனியில் தொங்கும் தும்பி அசையாது. இறக்கை முழுக்கப் பனித்துளி. எவ்வளவு கிட்ட வேண்டுமானாலும் போகலாம், அவசரம் இல்லை.

வெயில் பட்டதும் பாருங்கள். முதலில் முன்காலால் கண்ணைத் துடைக்கும். சில தும்பிகள் இறக்கையைக் கிடுகிடுவென்று நடுக்கும், அது பயமும் இல்லை குளிரும் இல்லை, தசையைச் சூடாக்கிக்கொள்கிறது. நடுக்கம் தொடங்கினால் உங்களுக்குக் கடைசி இரண்டு மூன்று படம்தான்.

குளிர் கமராவுக்கும் உண்டு. ஒருநாள் நல்ல படம் எடுத்த சந்தோஷத்தில் கமராவோடு நேரே அடுப்பங்கரைக்குள் போனேன், அம்மா மிலார் வைத்து அடுப்பை எரித்துக்கொண்டிருந்தார். குளிர்ந்த கண்ணாடிமேல் சூடான ஈரக்காற்றுப் பட்டு லென்ஸ் முழுக்க வேர்த்து, அரை மணி நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. உள்ளே வருமுன் கமராவைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுங்கள், பைக்கு வெளியே வேர்க்கட்டும். வெளியிலும் ஒரு சில்லறைத் தொல்லை: முகம் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் மூச்சே கண்ணாடியை மங்கலாக்கும், பக்கம் திரும்பி மூச்சு விடப் பழக வேண்டும்.

கிட்டப் போகும்போது நிழல் பூச்சிமேல் விழாமல் கீழிருந்து மெதுவாக வாருங்கள். அது உட்கார்ந்திருக்கும் இலையைத் தொடாதீர்கள். பல பூச்சிகளுக்கு அசைவுதான் பயம், உருவம் இல்லை.

அடுக்கிச் சேர்ப்பது

இணையத்தில் தலை முதல் வால்வரை மொத்தமாகத் தெளிந்த ஈயைப் பார்த்து ஏங்கியிருப்பீர்கள். அது பெரும்பாலும் ஒரு படம் இல்லை. தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்திப் பத்தோ நூறோ படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் மென்பொருளில் சேர்ப்பது. இதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர். ஹெலிக்கன், சிரீன் என்று மென்பொருள்கள் இருக்கின்றன. பூச்சி அசையாமல் இருந்தால்தான் முடியும், காலைப் பனி இங்கேயும் கைகொடுக்கும். முதல் ஆறு மாசம் இந்தப் பக்கமே வராதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரே படத்தில் கண்ணைத் தெளியவைக்கப் பழகாமல் இதற்குப் போனவர்களின் படங்கள் தெளிவாக இருக்கும், பூச்சி செத்தது மாதிரியும் இருக்கும்.

செத்தது என்றதும் ஞாபகம் வருகிறது. பூச்சியைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மயங்க வைத்து எடுக்கும் வேலை வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி மாதிரித் தேசியப் பூங்காக்களில் பூச்சியைப் பிடிப்பதே குற்றம். யாலயில் 2020-இல் பூச்சிகளைச் சாடிகளில் அடைத்துப் பிடிபட்ட வெளிநாட்டவர் இருவருக்கு 2024-இல் ஆறு கோடி ரூபாய் தண்டம் விழுந்தது.

தோட்டத்துக்குள் என்றால் மருந்து அடித்த மலையா (தேயிலை நிற்கும் நிலத்தை இங்கே மலை என்போம்) என்று முதலில் கேளுங்கள், அடித்திருந்தால் இலையில் முழங்கை ஊன்றிப் படுக்காதீர்கள். அட்டை கடிக்கும், அது பரவாயில்லை. குளவி அப்படி இல்லை. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன கொழுந்தெடுப்பவர்கள் இல்லாத தோட்டம் ஏது? தனியாகப் பூவில் உட்கார்ந்த குளவியை எடுக்கலாம். கூடு கண்ணில் பட்டால், அது எவ்வளவு அழகான கூடாக இருந்தாலும், ஃபிளாஷை அணைத்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள், அந்த இடத்தை மலையில் வேலை செய்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

எதில் தொடங்குவது

வேலியோரக் காட்டுச் சூரியகாந்தி. பெரிய பூ, உள்ளே தேனீ வரும், பின்னணி மஞ்சளாக இருப்பதால் வெளிச்சம் திரும்பி அடித்து நிழலைக் குறைக்கும். தேனீ பூவுக்குள் தலையைப் புதைத்திருக்கும்போது விட்டுவிட்டு, அடுத்த பூவிதழுக்கு ஏறும் கணத்துக்குக் காத்திருங்கள். கண் தெளிந்த படம் ஒன்று வந்தால் அதைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள், கண் முழுக்க முடி இருக்கும். ஆயிரக்கணக்கான சின்னக் கண்கள் சேர்ந்த ஒரு கண், அவற்றுக்கு நடுநடுவே முடி. கண் குவிந்த மேடு மாதிரி இருப்பதால் நடுப்பகுதி தெளிந்து ஓரம் கலங்குவதையும் காண்பீர்கள், தகடு என்று சொன்னேனே, அது உங்கள் கண்முன்னால் இருக்கும்.

நான் முதன்முதலில் உருப்படியாக எடுத்தது தேனீ இல்லை, ஒரு புழு. இரண்டு தேயிலைக் கொழுந்தை நூலால் ஒட்டித் தைத்து அதற்குள் குடியிருக்கும் பச்சைப் புழு, இரண்டு சென்ரிமீற்றர் அளவு இருக்கும். 1930-களில் இதை அடக்க ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியையே இங்கே கொண்டுவந்து விட்டார்கள், அந்தக் குளவி இதன் உடம்புக்குள் முட்டையிடும். இதெல்லாம் படித்துவிட்டு, மூன்று நாள் காலை மலையில் தேடி, இலையை லேசாகப் பிரித்து, அந்தப் பளபளத் தலையையும் வாயிலிருந்து வரும் ஒற்றை நூலையும் ஒரே தகட்டில் பிடித்தேன். பெருமையோடு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இஸ்தோப்பு (வாசல் திண்ணை) வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுக்கா மூணு நாளா அலைஞ்ச? எங்கிட்டச் சொல்லியிருந்தா இடுப்புல முடிஞ்சு கொண்டாந்திருப்பேனே. பதினாலாம் நம்பர் மலையில கை வைக்கிற எடமெல்லாம் இதான்."

மறுநாள் சாயங்காலம் இடுப்பில் கட்டும் படங்கின் மடிப்பிலிருந்து சுருட்டிய இலை ஏழு எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் ஒன்றுக்குள் புழு இல்லை, சின்ன வெள்ளைக் கூடு இருந்தது.